மனோன்மணி விழுந்த மணி

“பாய், எனக்கு ஒரு மணி தெரியணும்.”

யாகூப் பாய் தலையை நிமிர்த்தவில்லை. குதிரையின் பின்னங்கால் அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருந்தது. கையிலிருந்த சுத்தியால் கொட்டகைச் சுவரைக் காட்டினார். அங்கே கடிகாரம் தொங்கியது.

“எட்டே கால்.”

“இப்போ மணி இல்ல பாய். போன சித்திரையில ஒரு சனிக்கிழமை. அன்னிக்கு மணி.”

பாய் மிச்சமிருந்த ஆணியை அடித்து முடித்தார். காலை இறக்கினார். குதிரை தன் புது லாடத்தைத் தரையில் ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டது.

“உக்காருங்க சார்.”

உட்கார அங்கே ஒரு கவிழ்த்த வாளிதான் இருந்தது. தணிகாசலம் உட்கார்ந்தார்.

*

யாகூப் பாய் ரேஸ் மைதானத்துக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவர். நாற்பத்தெட்டு வயது. இதுவரை ஒரு பந்தயமும் கட்டியதில்லை. அதனாலேயே, கட்டுகிறவர்கள் எல்லோரும் அவரை வாத்தியார் என்றார்கள். கெட்டுப் போகாத ஒருவனைத் தங்களுக்கு நடுவில் வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

“நாளைக்கு எது பாய் வரும்?” என்று கேட்பார்கள்.

“எதுக்கு வயிறு சரியில்லன்னு தெரியும். எது வரும்னு அதுக்கே தெரியாது” என்பார்.

இதையும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் யோசிக்கிறவர்கள் உண்டு.

தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு வயது. தொலைபேசித் துறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதம்பாக்கத்தில் வீடு. இருபத்தாறு வருஷமாக ரேஸ்.

ரேஸ் ஆடுகிறவர்கள் ஆடுகிறேன் என்று சொல்லமாட்டார்கள். ‘படிக்கிறேன்’ என்பார்கள். சிவப்புப் பேனா, நீலப் பேனா, அடிக்கோல், மூக்குக்கண்ணாடி. எதிரே ரேஸ் புத்தகம். எந்தக் குதிரை, யார் ஓட்டுகிறான், எவ்வளவு எடை தூக்குகிறது, கடைசி ஐந்து ஓட்டத்தில் எங்கே முந்தியது, எங்கே மூச்சு வாங்கியது. பரீட்சை வாரத்துக்கு இரண்டு. பாஸ் பண்ணினவர் இன்னும் பிறக்கவில்லை.

அவர் மனைவி மனோன்மணி இந்தப் படிப்பை நம்பினாள்.

அவள் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். வீட்டில் ஒருவர் படிக்கிறார் என்றால் அவளுக்கு அது சாமிக்குத் திரை போட்டிருக்கிற நேரம். வாசலில் கீரைக்காரி கூவினால் ஓடிப்போய், “மெதுவாம்மா, அவரு படிக்கிறாரு” என்பாள். மிக்ஸியை அவர் குளிக்கப் போகும்போதுதான் போடுவாள். ஏதாவது கேட்கவேண்டியிருந்தால் ஒரு தரம் கூப்பிடுவாள். இரண்டாம் தரம் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

அவள்தான் அந்தச் சனிக்கிழமை விழுந்தாள்.

*

“சொல்லுங்க” என்றார் பாய்.

“மறுநாள் ஞாயித்துக்கிழமை ரேஸ். எட்டு ரேஸ். விடியக்காலம் அஞ்சரைக்கே உக்காந்துட்டேன். ஆறு மணிக்குக் காபி குடுத்தா. முகத்தப் பாத்தேன். நல்லாத்தான் இருந்தா.”

“அப்புறம்?”

“பத்தே முக்காலுக்குப் பசிச்சுது. டிபன் வரலியேன்னு உள்ள போனேன். தரையில கெடந்தா. வாய் கோணிப் போச்சு. வலது கை, கால் வரல. பேச்சு வரல.”

பாய் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பதினொண்ணு இருபதுக்கு ஆஸ்பத்திரி. மூளையில அடைப்புன்னாங்க. அந்த லேடி டாக்டர் கேட்ட மொதக் கேள்வியே அதான். ‘கடைசியா இவங்க நல்லா இருந்தத எத்தன மணிக்குப் பாத்தீங்க?’ ஆறு மணின்னேன். ‘அதுக்கப்புறம் பாக்கலியா?’ன்னாங்க. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்காம். ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ஆறு மணின்னா தாண்டிப் போச்சு. ‘நீங்க எங்க இருந்தீங்க?’ன்னு கேட்டாங்க.”

“எங்க இருந்தீங்க?”

“ஹால்ல. அவ சமையல்கட்டுல. நடுவுல கதவுகூடக் கெடையாது பாய், வெறும் திரைதான்.”

வெளியே குதிரைகளை நடத்திப் போகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பழக்கம். உடனே வெட்கப்பட்டுத் திரும்பினார்.

“இதுல ஒண்ணு இருக்கு. மேஜை மேல ரெண்டாவது டம்ளர் காபி இருந்துச்சு. பாதி நான் குடிச்சிருக்கேன். அத எப்ப கொண்டாந்து வச்சான்னு எனக்குத் தெரியல.”

“அத மட்டும் சொல்லியிருந்தா?”

“ஊசி போட்டிருப்பாங்க.”

சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: “ஆனா ஒண்ணு பாய். பதினொண்ணு இருபதுலேருந்து நாலரை மணி பின்னால போனா ஆறு ஐம்பது. ஆறு ஐம்பதுக்கு முன்னாடியே விழுந்திருந்தான்னா யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. என்னாலயும்தான். அதான் அந்த மணி எனக்குத் தெரியணும். தெரியாம தூங்க முடியல.”

பாய் எழுந்தார். கை கழுவினார்.

“நாளைக்கு வாங்க. வரும்போது, நீங்க இதுவரைக்கும் எவ்வளவு நேரம் படிச்சிருக்கீங்கன்னு கணக்குப் போட்டுட்டு வாங்க.”

“அது எதுக்கு?”

பாய் அடுத்த குதிரையின் காலைத் தூக்கினார்.

*

கணக்கு என்று சொன்னால் போதும். தணிகாசலம் ராஜாவாகிவிடுவார். மறுநாள் காலை ஒரு தாளோடு வந்தார்.

“ஒரு ரேஸுக்கு முக்கால் மணி. எட்டு ரேஸுக்கு ஆறு மணி நேரம். வாரத்துக்கு ரெண்டு நாள் ரேஸ். அப்புறம் பெங்களூர் ரேஸ், ஹைதராபாத் ரேஸ். முடிஞ்சப்புறம் எங்க தப்புப் பண்ணோம்னு பாக்கறது. வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் பாய். கொறச்சுத்தான் போட்டிருக்கேன்.”

“இருபத்தாறு வருஷத்துக்கு?”

“முப்பத்தேழாயிரத்து எண்ணூத்தி அம்பத்தாறு மணி. ராத்திரி பகல்னு பாக்காம சேத்து வச்சா நாலு வருஷம் நாலு மாசம்.”

பணம் பெரிதாகப் போகவில்லை. சின்னத் தொகைதான் கட்டுவார். அதைச் சொல்லியே மனைவியின் உறவுக்காரர்கள் வாயை இத்தனை காலம் அடைத்துவைத்திருந்தார். நேரக் கணக்கைக் கேட்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

பாய் தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

“இந்த நாலு வருஷம் நாலு மாசத்துல அம்மா எங்க இருந்தாங்க?”

“வீட்லதான்.”

“வீட்ல எங்க?”

தணிகாசலம் தாளை மடித்தார். சட்டைப் பையில் வைத்தார்.

“எனக்கு அந்த மணிதான் பாய் வேணும்” என்றார் கடைசியில். “ஒரு சனிக்கிழமை. ஒரே ஒரு மணி.”

“தேடுங்க” என்றார் பாய்.

*

தேட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

ஒரு நோட்டு வாங்கினார். சிவப்புப் பேனா, நீலப் பேனா. ஹாலில் அதே மேஜை, அதே நாற்காலி.

பால் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்தது. வாசலில் தண்ணீர் தெளித்த ஈரத்தைப் பேப்பர் போடுகிறவன் பார்த்தானா. எதிர்வீட்டில் எத்தனை மணிக்குக் குழாய்ச் சத்தம் கேட்டது. சமையல்கட்டில் கால் கிலோ பீன்ஸ் கிடந்தது. பாதி நறுக்கியது, பாதி நறுக்காதது. பாதி நறுக்க எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் மணி தெரிந்துவிடும்.

கால் கிலோ பீன்ஸ் வாங்கி வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காய் நறுக்கினார். பாதிக்கு இருபத்தொரு நிமிஷம் ஆயிற்று. விரலில் இரண்டு வெட்டு.

ஆனால் குதிரைக்குக் குதிரை வேகம் வேறு அல்லவா? மனோன்மணி அனுபவம் உள்ளவள், அதைக் கழிக்கவேண்டும். முழங்கால் வலிக்காரி, அதைக் கூட்டவேண்டும்.

“விசாலம்” என்று கூப்பிட்டார்.

விசாலம் மனோன்மணியின் தங்கை. அக்கா விழுந்த மறுநாள் ஆரணியிலிருந்து ஒரு பையோடு வந்தவள். நான்கு மாதமாகிறது. அவளுக்கும் ஒரு புருஷன், ஒரு வீடு உண்டு என்பதை அவளைத் தவிர எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

“உங்க அக்கா கால் கிலோ பீன்ஸ் நறுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்குவா?”

“எதுக்கு நறுக்கினா? பொரியலுக்கா, சாம்பாருக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். குதிரையும் கழுதையும் ஒண்ணுங்கற மாதிரி.”

“அன்னிக்கு என்னன்னு எனக்குத் தெரியாது.”

“முப்பத்தாறு வருஷம் தின்னீங்களே அத்தான், சனிக்கிழமையில பீன்ஸ் எப்படி வரும்னு தெரியாதா? பொடியா நறுக்கித் தேங்கா போட்டுப் பொரியல்.”

நீலப் பேனாவால் எழுதிக்கொண்டார். விசாலம் எட்டிப் பார்த்தாள்.

“இது என்ன, கத்தின்னு போட்டிருக்கீங்க?”

“கத்தியாலதானே நறுக்கணும்.”

“அக்கா கத்தியத் தொட்டதே இல்ல. அருவாமனைதான். அவ விழுந்து கெடந்தப்போ பக்கத்துல அருவாமனை நின்னுட்டு இருந்திருக்கும். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா கழுத்து போயிருக்கும். நீங்கதானே மொதல்ல பாத்தீங்க?”

தணிகாசலம் கத்தியை அடித்துவிட்டு அரிவாள்மணை என்று எழுதினார். அரிவாள்மணை என்றால் வேகம் அதிகம். ஏழு நிமிஷம் குறைத்துக்கொண்டார்.

“இப்ப இதக் கண்டுபுடிச்சு?” என்றாள் விசாலம்.

“அவ எனக்காக எவ்வளவோ செஞ்சிருக்கா. அவளுக்காக இதக்கூட நான் செய்யலேன்னா எப்படி?”

“அவளுக்காகவா?”

“சத்தம் போடாதே. இடம் விட்டுடப் போறேன்.”

“உசுரோட இருக்கறப்ப அவ பீன்ஸ் நறுக்கினத ஒரு தரம் பாத்திருக்கலாம்.”

“உசுரோடதான் இருக்கா!”

“அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில், மனோன்மணி படுத்திருந்தாள். திரை மட்டும்தான் நடுவில்.

“பேச்சுத்தான் போச்சு அத்தான். காது கேக்குது அவளுக்கு” என்று சொல்லிவிட்டு விசாலம் கஞ்சி கரைக்கப் போனாள்.

*

மூன்று வாரம் கழித்து நோட்டு முடிந்தது. தணிகாசலம் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“வந்துருச்சு பாய். ஆறு நாற்பது.”

“எத்தன தரம் போட்டுப் பாத்தீங்க?”

“நாற்பத்தேழு தரம். பால வச்சுப் போட்டேன். பீன்ஸ வச்சுப் போட்டேன். எதிர்வீட்டுக் குழாய வச்சுப் போட்டேன். எப்படிப் போட்டாலும் ஆறு முப்பத்தஞ்சுலேருந்து ஆறு நாற்பத்தஞ்சுக்குள்ள வந்து நிக்குது.”

“ஒரு தரம்கூட ஏழு வரல?”

“வரல.”

“அந்த ரெண்டாவது காபி?”

“ஆறரைக்கு வச்சிருக்கா.”

“ஆறு மணிக்கு ஒரு காபி, ஆறரைக்கு ஒரு காபியா?”

“அன்னிக்குக் குளிர் பாய்.”

“சித்திரையில.”

தணிகாசலம் நோட்டைப் புரட்டினார். எதையோ காட்டப் போகிறவர்போலப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

பாய் சிரிக்கவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“எந்தக் குதிரை மேல கட்டியிருக்கீங்க சார்?”

தணிகாசலம் எழுந்துவிட்டார். கவிழ்த்த வாளி உருண்டது.

“லாடம் அடிக்கிறவங்கிட்ட வந்து கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். மனைவியைப் பறிகொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா என்றார்.

“பறிகொடுத்துட்டீங்களா?” என்றார் பாய்.

தணிகாசலம் வெளியே போய்விட்டார். நோட்டு வாளியின் பக்கத்திலேயே கிடந்தது.

*

ஒன்பது நாள் வரவில்லை.

பத்தாவது நாள் காலையில் வந்தார். வேறு போக்கிடம் இல்லாத மனிதன் வருகிற மாதிரி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆண்களுக்கு அந்த வார்த்தை எந்தப் புத்தகத்திலும் அச்சாகி வரவில்லை.

கொட்டகையில் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை நின்றது. நொண்டிக்கொண்டிருந்தது.

“இது யாருன்னு தெரியுதா?” என்றார் பாய்.

“தெரியாமலா? நாலு வயசு. கடைசி அஞ்சு ஓட்டத்துல ரெண்டு தரம் ரெண்டாவது. ஆயிரத்து இருநூறு மீட்டர் ஒரு நிமிஷம் பதிமூணு செகண்டு.”

“எங்க வலிக்குதாம்?”

தணிகாசலம் கண்ணை மூடி யோசித்தார். புத்தகத்தின் பக்கம் இமைக்குள் திறந்தது.

“மூணாவது ஓட்டத்துல வளைவு திரும்பறப்போ வெளிப்பக்கம் போச்சு. வலது முன்னங்கால். அப்போலேருந்தே இருக்கு. போட்டுப் பாத்தா வலதுதான்.”

பாய் இடது முன்னங்காலைத் தூக்கினார். ஒரு பெரிய இடுக்கியை எடுத்தார். குளம்பின் ஓரத்தில் வைத்து லேசாக அழுத்தினார். குதிரை சும்மா நின்றது. ஒரு விரல் தள்ளி வைத்து அழுத்தினார். சும்மா நின்றது. இன்னும் ஒரு விரல். இன்னும் ஒரு விரல். குளம்பைச் சுற்றிக்கொண்டு அவசரமே இல்லாமல் போனார். அவருடைய காது குதிரையின் விலாவில் ஒட்டியிருந்தது.

ஒரு இடத்தில் குதிரை வெடுக்கென்று காலை இழுத்தது. உடம்பு முழுக்க நடுங்கியது.

“இங்க” என்றார் பாய்.

“எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“கண்டுபுடிக்கல. கேட்டேன்.”

“வாயில்லா ஜீவன் பாய்.”

பாய் இடுக்கியைக் கீழே வைத்தார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றார். அது அடங்க நேரமாயிற்று.

“அம்மாவுக்குத் தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பாங்க?”

“அது… விசாலத்துக்குத் தெரியும்.”

பாய் திரும்பி அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

தணிகாசலம் தூணை விட்டார்.

*

வீட்டுக்குப் போனபோது பதினோரு மணி. விசாலம் மொட்டை மாடிக்குத் துணி வாளியோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு ஏதாவது வேணும்னா எப்படிச் சொல்றா?”

விசாலம் வாளியைக் கீழே வைத்தாள். ஏதோ சுரீரென்று சொல்ல வந்தவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“இடது கையப் புடிச்சுட்டுக் கேக்கணும். ஆமான்னா அமுக்குவா. இல்லன்னா சும்மா இருப்பா.”

“எப்பலேருந்து?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்த ரெண்டாவது நாள்லேருந்து.”

அவள் மாடிக்குப் போனாள்.

தணிகாசலம் திரையை விலக்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தது. அது விசாலத்தின் இடம். அதில் உட்கார்ந்தார். மனோன்மணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

அவள் முகத்தில் வலது பக்கம் தொங்கியிருந்தது. இடது பக்கம் அவளாகவே இருந்தது.

“மனோ.”

அவளுடைய இடது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். கடைசியாக அந்தக் கையை எப்போது பிடித்தோம் என்று யோசித்தார். யோசித்தால் மறுபடி கணக்கு ஆரம்பித்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டார்.

“நான் ஒவ்வொரு மணியாச் சொல்லிட்டு வரேன். உனக்கு முடியாமப் போன மணி வந்தா அமுக்கு. சரியா?”

கை அமுங்கியது.

பதில் சொன்னது அவள்தான் என்று நம்ப அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

“ஆறு?”

கை சும்மா இருந்தது.

“ஆறே கால்?”

சும்மா இருந்தது.

“ஆறரை?”

“ஆறு நாற்பது?”

அங்கே நின்றார். அவளுடைய கண்ணைப் பார்த்தார்.

“ஆறு நாற்பதா, மனோ?”

கை அவருடைய கைக்குள் வெதுவெதுப்பாக, அசையாமல் கிடந்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆறு நாற்பது.”

மாடியில் விசாலம் துணியை உதறுகிற சத்தம் கேட்டது. ஒரு சேலை. ஒரு போர்வை. ஒரு தலையணை உறை.

“ஆறு ஐம்பது” என்றார். மறுபடி சொன்னார். “ஆறு ஐம்பது.”

இல்லை.

“ஏழு.”

இல்லை.

“ஏழரை.”

அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. பரீட்சையில் திணறுகிற பிள்ளையைப் பார்க்கிற அம்மா மாதிரி, விடை தெரிந்தும் சொல்ல முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டு.”

விரல்கள் லேசாக அசைந்தன. அமுக்கவில்லை.

“எட்டு அஞ்சு?”

“எட்டு பத்து?”

கை அமுங்கியது.

எட்டு பத்து. பதினொன்று இருபது. மூன்று மணி பத்து நிமிஷம். அவர் போடவில்லை, கழித்தல் தானாக நடந்தது. எட்டு பத்துக்கு அவர் நான்காவது ரேஸில் இருந்தார். பதினொரு குதிரை. பதினொன்றின் பெயரும், எடையும், நிறமும் வரிசையாக வந்து நின்றன. போ போ என்றாலும் போகவில்லை.

“ஹால் கடிகாரத்தப் பாத்தியா?”

அமுக்கினாள்.

“அப்ப ஹாலுக்கு வந்தியா? ரெண்டாவது காபி… அப்பதான் கொண்டாந்து வச்சியா?”

அமுக்கினாள்.

“அப்பவே கை ஒரு மாதிரி இருந்துச்சா உனக்கு?”

அமுக்கினாள்.

காபி கொடுக்க வரவில்லை. சொல்ல வந்திருக்கிறாள். வெறுங்கையோடு வந்து படிக்கிறவரைக் கூப்பிடக்கூடாது என்று ஒரு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வராத கையில்.

“என்னைக் கூப்பிட்டியா?”

அமுக்கினாள்.

இத்தோடு எழுந்துவிடலாம் என்று தோன்றியது. முக்காலியின் கால்கூட லேசாக நகர்ந்தது. அவர் கையை விடவில்லை.

“எனக்கு… எனக்குக் கேட்டுச்சா?”

அமுக்கினாள்.

“பதில் சொன்னேனா?”

அமுக்கினாள்.

“என்ன மனோ சொன்னேன்?”

இதற்கு அமுக்கிப் பதில் சொல்ல முடியாது. கேட்ட பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது. வேறு மாதிரிக் கேட்கவேண்டும் என்று வார்த்தை தேடினார்.

மனோன்மணி தன் கையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

அதை மெள்ளத் தூக்கினாள். அவருடைய முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

போதும் என்கிறாள் என்று நினைத்தார். கேட்டது போதும், நிறுத்து என்கிறாள்.

அவள் நிறுத்தவில்லை. கையை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். ஐந்து விரலும் விறைத்து நின்றன.

தணிகாசலம் அவற்றை எண்ணினார்.

“அஞ்சு நிமிஷம்” என்றார்.

கை இறங்கியது.